ஸ்பெயினுக்கு ஒரு பயணம்... பொறையாறு வழி!

‘‘தம்பி, இந்த லீவுல காதிஸ் போலாம்னு இருக்கேன். நீயும் கிளம்பி வாயேன்!’’

பாரிஸிலிருந்து போனில் பேசியது பெரியம்மா மகன். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் ‘சொல்தா’வாக இருந்தவர். காரைக்கால் பக்கம் இது சகஜம். 1962-ல் ‘இந்தியரா, பிரெஞ்சுக்காரரா?’ என்று கேட்டபோது சிலர் அந்தப் பக்கம் கை தூக்கினார்கள். எங்கள் குடும்பத்தில் பெரியப்பா தூக்கினார். அப்பாவுக்குக் கையில் வலை இருந்ததால் தூக்கவில்லை!

‘காதிஸ்’ என்றதும் எனக்குக் கதர்க் கடைதான் ஞாபகம் வந்தது. விசாரித்தால், ஸ்பெயினின் தெற்குக் கோடியில் கடலுக்குள் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் துறைமுகமாம். வயது சுமார் 3,000. ஃபினீஷிய வணிகர்கள் உண்டாக்கியது. கரையோரம் கோட்டைகள், ஆள் ஒதுங்கித்தான் போகவேண்டிய குறுகல் தெருக்கள். 1493-ல் கொலம்பஸ் இரண்டாவது தடவையாகக் கப்பல் ஏறியது இங்கேதான். இந்தியாவைத் தேடிக் கிளம்பிய மனிதர், பாவம், கடைசி வரை வந்து சேரவில்லை. அவர் தேடிய கடற்கரையில் பிறந்த நான், அவர் புறப்பட்ட ஊருக்கு வழி தேட உட்கார்ந்தேன்.

பி.காம். படித்தவன் திட்டம் போட்டால் எப்படி இருக்கும்? நோட்டை எடுத்து பற்று, வரவு என்று கோடு போட்டேன். பற்றுப் பக்கம் மடமடவென்று நிறைந்தது. ஷெங்கன் விசா, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, போக வர டிக்கெட், தங்கும் இடத்துக்கு அத்தாட்சி, மாட்ரிட்டில் இறங்கினால் அங்கிருந்து நாலு மணி நேர ரயில்... வரவுப் பக்கத்தில் ‘அண்ணன் அன்பு’ என்று ஒரே ஒரு வரி. பேங்க் ஸ்டேட்மென்ட் வேறு காட்ட வேண்டுமாம். என்னுடையதைப் பார்த்தால் அதிகாரி விசா தரமாட்டார். மனசு இளகி, பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டுமானால் தருவார்.

மீன் அலசிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: ‘‘அப்படி என்னடா இருக்கு அந்த ஊர்ல?’’

‘‘கடலோரமா பழைய கோட்டை, பழைய தெரு, பழைய கோயில்.’’

‘‘தரங்கம்பாடின்னு சொல்லு. காரைக்கால்ல பஸ் ஏறினா அரை அவர்ல இறங்கிடலாம். அதுக்கு எதுக்குடா பாஸ்போர்ட்டு?’’

சுருக்கென்றது. மயிலாடுதுறைக்கும் சிதம்பரத்துக்கும் போகும்போது எத்தனையோ முறை அந்த ஸ்டாப்பைத் தாண்டியிருக்கிறேன். ஒரு தடவைகூட இறங்கியதில்லை. பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிற ஊரை எவன் சார் பிளான் போட்டுப் பார்க்கிறான்?

பொங்கலுக்கு அண்ணன் ஊருக்கு வந்தார். காதிஸ் நோட்டிலேயே அடுத்த பக்கத்தைத் திருப்பி, தரங்கம்பாடித் திட்டம் போட்டேன். ‘‘நானும் வரேன்’’ என்றாள் அம்மா. ‘‘ஆனா மண்ணுல இறங்க மாட்டேன்.’’

காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் காரைக்கால்மேட்டுக்குள் கடல் வந்தது. எங்கள் சித்தியைக் கொண்டுபோனது. அதற்கப்புறம் அம்மா கடற்கரையில் கால் வைத்ததில்லை. கடலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, கடலுக்கு முதுகு காட்டியே இத்தனை வருஷம்.

பஸ் பூவம் தாண்டி, நண்டலாற்றுப் பாலத்தைக் கடந்தது. ஐரோப்பாவில் பிரான்ஸிலிருந்து டென்மார்க் போக நடுவில் ஜெர்மனியைத் தாண்ட வேண்டும். இங்கே 1739-லிருந்து பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காரைக்காலுக்கும், 1620-லிருந்து டேனிஷ்காரர்கள் இருந்த தரங்கம்பாடிக்கும் நடுவில் ஒரு ஆறும் பொறையாறும்தான். ஜெர்மனி இல்லையே என்று கவலை வேண்டாம். அது 1706-ல் சீகன்பால்கு உருவத்தில் தானாகவே வந்து இறங்கிவிட்டது!

ஊருக்குள் நுழையும்போது ஒரு வெள்ளை வாசல். 1792-ல் கட்டியது. அதைத் தாண்டினால் நேர்கோடாக ராஜ வீதி. இடது வலதாகப் பார்த்துக்கொண்டே போனால் கடைசியில் கடல்.

முதல் யோசனை: காலையிலேயே போய்விடுங்கள். கிழக்குப் பார்த்த ஊர். வெயில் ஏறினால் நிழலுக்கு ஒதுங்க மரம் தேட வேண்டியிருக்கும். இரண்டாவது: கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்கு வார விடுமுறை உண்டு. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது: குடையும் தண்ணீரும்.

டான்ஸ்போர்க் கோட்டை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர், வருஷத்துக்கு 3,111 ரூபாய் என்று பேசி இந்த இடத்தை டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்தார். அவர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1845-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். குடக்கூலிக்கு வந்த ஆசாமி வீட்டை விற்றுவிட்டுப் போன கதை! கணக்குப் படித்தவனுக்கே தலை சுற்றியது.

அங்கிருந்து புது எருசலேம் ஆலயம். 1718-ல் சீகன்பால்கு கட்டியது; அடுத்த வருஷமே காலமாகி, உள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தது இந்த ஊரில்தான். நீங்கள் கையில் வைத்திருக்கும் பத்திரிகைக்கு ஒரு கொள்ளுத்தாத்தா இங்கே உண்டு.

அண்ணனுக்கும் ஒன்று வைத்திருந்தேன். ‘‘நெப்போலியனோட வெளியுறவு மந்திரி தாலேராந் இருக்காரே, அவர் சம்சாரம் பொறந்த ஊர் எது தெரியுமா? இதே ஊர். 1762.’’ அண்ணன் வாயைப் பிளந்தார். பிரான்ஸில் படித்தவருக்கு, காரைக்கால்மேட்டு ஆசாமி பிரெஞ்சு சரித்திரம் சொன்னது அன்றைய வரவு.

கடைசியாக மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழும்பியது. முன்பக்கத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டது. இப்போது கல் கொட்டித் தடுத்து, மிச்சத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள். அம்மா எட்டவே நின்று கும்பிட்டாள். ‘‘முன்னாடி எல்லாம் போயும் உள்ள சாமி இருக்காரே...’’ என்றாள், யாரிடமோ சொல்வது போல.

திரும்பி வந்து கோட்டை மேல் மாடியில் உட்கார்ந்தோம். எதிரே கடல். அம்மா இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை.

‘‘ஏம்ப்பா, நீ சொன்ன ஊர்லயும் கடல் இப்படித்தான் பக்கத்துலயா?’’ என்று அண்ணனிடம் கேட்டாள்.

‘‘ஆமா சித்தி. அங்கயும் ஒரு தரம் வந்திருக்கு. 1755 நவம்பர் 1. லிஸ்பன்ல பூகம்பம்... அந்த அலை காதிஸ் மதில்ல வந்து அடிச்சு, நிறைய பேர் போயிட்டாங்க.’’

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

‘‘அப்புறமும் ஜனங்க அங்கயே இருக்காங்களா?’’

‘‘இருக்காங்க சித்தி. சாயங்காலமானா எல்லாரும் கடலோரத்துலதான் நடப்பாங்க.’’

‘‘சரி’’ என்று எழுந்தாள். கோட்டைக்கு வெளியே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மணலில் இறங்கினாள். பத்தடி. அதற்கு மேல் போகவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

நோட்டில் காதிஸ் பக்கத்தைக் கிழிக்காமல்தான் வைத்திருக்கிறேன். பேங்க் ஸ்டேட்மென்ட் தேறினால் பார்ப்போம். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கத்திலும் பஸ் நின்று, நீங்கள் இறங்காத ஒரு ஸ்டாப் கட்டாயம் இருக்கும். போகும்போது வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். அன்று எங்கள் மூன்று பேருக்கும் விசா செலவு: பூஜ்யம்!