குழாயை அடைக்கும் பால்மரம்

பிள்ளைகளே, பொங்கல் முடிந்து தைப்பூசம் நெருங்கும் நாட்களில் கெடாவின் செமிலிங், பீடோங் பக்கம் மிச்சமிருக்கும் பால்மர (ரப்பர்) காடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? கரும்பச்சையாக இருந்த இலைகள் மஞ்சளாகும், செம்மஞ்சளாகும், சில மரங்களில் நன்றாகவே சிவந்துவிடும். பிறகு உதிரத் தொடங்கும். சில வாரங்களில் கிளையெல்லாம் மொட்டை. சாலையின் மறுபக்கத்தில் நிற்கும் செம்பனையோ எப்போதும் போலப் பச்சையாகவே இருக்கும். தோட்டங்களில் இந்தப் பருவத்தை ‘விண்டரிங்’ என்பார்கள், அதாவது குளிர்காலம். நடுப்பகலில் தகரக் கூரை சுடுகிற கெடாவில் மரத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது குளிர்காலம்?

இதற்குப் பதில் தேட, உண்மையிலேயே பனி கொட்டுகிற ஊருக்குப் போய் வருவோம். கனடாவின் டொரொண்டோவில் ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பனி விழுவதற்கு முன் அங்கே ஒவ்வொரு வீட்டிலும் சில வேலைகளை முடித்தாக வேண்டும். சன்னல் இடுக்குகளை அடைப்பார்கள், சூடேற்றும் கருவியைச் சரிபார்ப்பார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் வெளிக்குழாயை வீட்டுக்குள்ளிருந்தே மூடி, அதில் தங்கிய நீரையும் வடித்துவிடுவார்கள். மறந்தால் வந்தது வினை. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானால் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுதல் இடம் கேட்கும். இரும்புக் குழாயாக இருந்தாலும் வெடித்துவிடும்.

அந்த வீட்டு வாசலில் நிற்கும் மரத்துக்கும் தண்ணீர்தான் கவலை. மண்ணிலுள்ள நீர் உறைந்துவிட்டால் வேரால் உறிஞ்ச முடியாது. இலைகளோ தம் நுண்துளைகள் வழியே நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். வரவு நின்று செலவு மட்டும் தொடர்ந்தால் மரம் காய்ந்துபோகும். குளிர்நாட்டு மரங்கள் இலையுதிர்ப்பதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

இப்போது கெடாவுக்குத் திரும்புங்கள். ஆண்டின் முடிவில் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானிலும் திரங்கானுவிலும் பெருமழையைக் கொட்டுகிறது. தித்திவங்சா மலைத்தொடர் அந்தக் காற்றை மறித்துவிடுவதால், மலைக்கு இந்தப் பக்கம் ஜெராய் மலையடிவாரத்துக்கு ஜனவரி, பிப்ரவரியில் மழை மிகக் குறைவு. மண்ணில் நீர் உறைந்துபோனாலும் சரி, மழையில்லாமல் வற்றிப்போனாலும் சரி, வேருக்கு இரண்டும் ஒன்றுதான். பால்மரத்தின் குளிர்காலம் என்பது உண்மையில் கோடைதான். வறட்சி கடுமையாக இருக்கும் வடக்கே மரங்கள் சேர்ந்தாற்போல் மொட்டையாகின்றன. ஆண்டு முழுக்க மழை பெய்யும் ஜொகூரில் இலையுதிர்வு முன்பின்னாக நடக்கும்.

உதிர்ப்பதற்கு முன் மரம் செய்யும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மரம் முதலில் இலையிலிருக்கும் பச்சையத்தைச் சிதைக்கிறது. நைட்ரஜன் போன்ற சத்துகளில் பெரும்பங்கைக் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை போனபின்தான் மற்ற நிறங்கள் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. அதே வேளையில் இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் ஒரு மெல்லிய பிரிவு அடுக்கு உருவாகிறது. எத்திலீன் என்னும் வாயு அங்குள்ள உயிரணுக்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது. பால் கூடுதலாக இறங்க வேண்டும் என்று பட்டையில் பூசுகிறார்களே ஒரு மருந்து, அதிலிருந்து வெளிவருவதும் இதே எத்திலீன்தான்! இலை கழன்ற இடத்தைத் தக்கைபோன்ற பொருள் மூடிவிடுகிறது. டொரொண்டோ வீட்டுக்காரர் வெளிக்குழாயை அடைத்ததுபோல மரமும் ஒவ்வொரு குழாயாக அடைத்துவிட்டது.

இதை நீங்களே சோதிக்கலாம். பெரியவர் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள், சருகுக்குள் பாம்பு இருக்கலாம். பச்சை இலை ஒன்றைக் காம்போடு ஒடித்தால் ஒடிந்த இடத்தில் உடனே வெள்ளைப் பால் துளிர்க்கும். சட்டையில் பட்டால் கறை போகாது, கவனம். இப்போது தானாக உதிர்ந்த இலையை எடுங்கள். ஒரே நீண்ட காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். காம்பின் அடிப்பக்கம் சற்றுப் புடைத்து, வழவழப்பாக இருக்கும். பால் கசிந்த தடம் இராது. கிளையிலும் காம்பு இருந்த இடத்தில் ஒரு சிறு தழும்பு மட்டும் தெரியும்.

இலை இல்லாத மரத்தில் பாலும் குறைந்துவிடும். ஏன்? பால் ஓடும் நுண்குழல்கள் பட்டைக்குள் இருக்கின்றன. அந்தப் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர். குழல்களுக்குள் நீரின் அழுத்தம் நன்றாக இருந்தால்தான் உளி பட்டதும் பால் வெட்டுக்கோட்டில் இறங்கி மங்கு என்னும் கிண்ணத்துக்கு வரும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழந்து அழுத்தம் தளர்ந்துவிடும். நம் தாத்தா பாட்டிகள் தலைவிளக்கோடு விடியுமுன்பே பால் வெட்ட நிரைக்குப் போனதற்கு இதுவே காரணம். வறட்சியில் அழுத்தமும் குறைவு. போதாக்குறைக்கு, சேமித்த சர்க்கரையை மரம் புதுத்தளிருக்குச் செலவிடுகிறது. பால் உருவாவதும் அதே சர்க்கரையிலிருந்துதான். பாலின் எடைக்குக் கூலி வாங்கிய குடும்பங்களுக்கு இந்த மாதங்கள் எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். மரத்தின் கணக்கு அவர்கள் வீட்டு அடுப்புவரை வந்தது.

சில வாரங்களில் மரம் மறுபடி துளிர்க்கும். தளிர் பச்சையாக வராது, செம்புநிறத்தில் துவண்டு தொங்கும். கூடவே மணமுள்ள சிறு மஞ்சள் பூக்களும் வரும். இந்தத் தளிர்ப்பருவம்தான் ஆபத்தானது. ‘ஓயிடியம்’ என்ற பூசணம் இளந்தளிரில் வெள்ளை மாவு தூவியதுபோலப் படரும். தாக்கப்பட்ட தளிர் சுருங்கி விழுந்துவிடும். மரம் இரண்டாம் முறை மொட்டையாகி, மிச்சமிருந்த சேமிப்பையும் எடுத்து இன்னொரு முறை தளிர்க்க வேண்டிவரும். அதைத் தடுக்கத்தான் தோட்டங்களில் கந்தகத் தூளை மரங்களின் மேல் தூவினார்கள். பூசணம் முந்திக்கொண்டால் பால் குறைந்த காலம் அந்த ஆண்டு நீண்டுவிடும்.