பொறியுள் எழாத பொறி

பொறி என்னுஞ் சொல் தமிழில் இயந்திரத்தையுங் குறிக்கும். நெருப்பின் சிறு துளியையுங் குறிக்கும். பெற்றோல் வண்டியிலே இவ்விரு பொருளும் ஓரிடத்துக் கூடுகின்றன. பின்னையது எழாதாயின் முன்னையது வெறும் இரும்பே.

1953 இல் வெளிவந்த மொறிஸ் மைனர் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதன் கொயிலினுள்ளே தடித்த கம்பிச் சுருளொன்றும் மெல்லிய கம்பிச் சுருளொன்றும் உள. 12 உவோற்றுப் பற்றரியின் மின் தடித்த சுருளிற் பாய்ந்து காந்தப்புலத்தை ஆக்கும். பொயின்ற் திறந்தவுடன் அம்மின் அறும், புலம் குலையும், மெல்லிய சுருளிற் பல்லாயிரம் உவோற்று எழும். சேர்தலன்று, பிரிதலே பொறியைத் தருகின்றது!

வண்டி நின்றதும் கொயிலை மாற்றுவர், பின்னர் கொண்டென்சரை, பின்னர் பிளக்குகளை. பழுதற்றவை குப்பைக்குப் போகப் பழுதுள்ளது வண்டியிலேயே இருக்கும். சந்தைக்குச் செல்லவேண்டிய வெங்காயமோ பின்தட்டில் வாடும். கமக்காரனுக்கு இஃது ஒரு நாட் கூலி மட்டுமன்று.

நம் அளவைநூலார் ஒழிபு என்றோர் அளவை கூறுவர். ஐயத்துக்குரியவற்றை ஒவ்வொன்றாய் விலக்கி எஞ்சியதைத் துணிதல் அது. ஈண்டு வேண்டுவதும் அதுவே.

டிஸ்ரிபியூட்டர் மூடியின் நடுக்கம்பியைக் கழற்றி, மின்கடத்தாப் பிடியினாற் பற்றி, நுனியை இயந்திர இரும்புக்குக் கால் அங்குலம் விலக்கிப் பிடித்து இயந்திரத்தைச் சுழற்றுக. (அருகிற் பெற்றோல் சிந்தியிருத்தலாகாது.) நீலப்பொறி பாயின் கொயிலும் பொயின்றும் குற்றமற்றவை; மூடி, றோட்டர், பிளக் கம்பிகளையே ஐயுறுக. மூடியினுள்ளே மயிரிழை போன்ற கரிக்கோடொன்று போதும், மின்னை வழிமாற்ற. மாரியில் ஈரமும் அவ்வாறே செய்யும்.

பொறி இல்லையெனிற் சோதனை விளக்கின் ஒரு முனையை இரும்பிற் பொருத்தி, மற்றதைச் சுவிச்சிலிருந்து கம்பி வந்து சேரும் கொயில் முனையில் வைக்க. எரியாவிடின் வழு சுவிச்சிலோ கம்பியிலோ உளது. எரியின், பொயின்றுக்குச் செல்லும் முனையில் வைத்துச் சுழற்றுக. பொயின்ற் திறக்க எரிந்து, மூட அவிதல் வேண்டும். ஒருபோதும் எரியாவிடின் அம்முனைக் கம்பியைக் கழற்றிப் பார்க்க. அப்போது எரிந்தாற் பொயின்ற் திறவாதிருக்கும், அல்லது கொண்டென்சரோ உட்கம்பியோ இரும்பைத் தொடும். அப்போதும் எரியாவிடிற் கொயிலே அறுந்தது. முறையாக இமைத்தும் பொறி எழாவிடின் நடுக்கம்பியையும் மெல்லிய சுருளையும் கொண்டென்சரையும் நோக்குக.

அவியாதே எரியின் பொயின்ற் முகங்கள் கருகியிருக்கும், அல்லது மூடாது விலகி நிற்கும். மெல்லிய அரத்தினால் துலக்கி, முற்றத் திறந்த நிலையில் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காக அமைக்க. இதற்குக் காசு செலவில்லை. அரைமணி நேரம் போதும்.