உதட்டில் ஒரு மில்லி

இங்கிலாந்தில் ஒரு விசித்திரம் உண்டு. உதட்டைத் தடிமனாக்க ஊசியில் ஏற்றும் ‘ஃபில்லர்’ ஜெல்லை வாங்க அங்கே டாக்டர் சீட்டு தேவையில்லை. அழகு நிலையம் நடத்துகிறவரும் வாங்கலாம். பதினெட்டு வயது நிரம்பிய எவருக்கும் போட்டுவிடலாம். ஆனால் அந்த ஜெல் ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டால் அதைக் கரைக்கிற ஹயலுரோனிடேஸ் மருந்துக்கு மட்டும் சீட்டு வேண்டும். பூட்டை யாரும் பூட்டலாம், சாவி மட்டும் எல்லார் கையிலும் இருக்காது. அந்நாட்டு அரசுக்காக மருத்துவர் ப்ரூஸ் கியோ தலைமையில் 2013-இல் வெளிவந்த அறிக்கை, இப்படி ஊசி போட்டுக்கொள்கிறவருக்கு ஒரு பால்பாயிண்ட் பேனா வாங்குகிறவரைவிடக் கூடுதல் பாதுகாப்பில்லை என்ற பொருளில் கண்டித்தது. உரிம முறை கொண்டுவர அரசுக்கு அதிகாரம் தரும் சட்டம் 2022-இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் ஆண்டுகள் கலந்தாலோசனையிலேயே கழிந்தன. உதட்டு ஊசியைப் பற்றி யோசிக்கிறவர்கள் வழக்கமாக மூன்று கேள்வி கேட்கிறார்கள்: எவ்வளவு ஆகும், எத்தனை மாதம் தாங்கும், வலிக்குமா. இந்த மூன்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, அடைப்பு வந்தால் கரைக்கிற மருந்து இந்த அறையில் இருக்கிறதா, அதைப் போடத் தெரிந்தவர் யார் என்பதுதான். ஏன் என்று புரிய, உள்ளே போகிற பொருளையும் அது போகிற இடத்தையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

பொருள் ஒன்றும் அந்நியமானதல்ல. அந்த ஜெல்லின் மூலமான ஹயலுரோனிக் அமிலம் நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இருப்பதுதான். 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். தண்ணீரைப் பிடித்துவைப்பது அதன் குணம். ஊசி போட்ட உதடு உப்பி நிற்பதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் அதை அப்படியே ஏற்றினால் உடம்பு சில நாட்களில் தின்று தீர்த்துவிடும். அதனால் அதன் இழைகளை ஒரு ரசாயனத்தால் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, கெட்டியான ஜெல்லாக்குகிறார்கள். முடிச்சு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு காலம் நிற்கும். உதட்டில் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம். இதற்கு முன்பு மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜனைத்தான் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் 1981-இல் அனுமதி பெற்ற அந்த மருந்துக்கு, ஒவ்வாமை வருமா என்று முன்கூட்டியே கையில் சோதித்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புதிய ஜெல்லுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. அது 2003-இல் முகச் சுருக்கத்துக்கும், 2011-இல் உதட்டுக்கும் அங்கே அனுமதி பெற்றது. காத்திருப்பு போனதோடு மதிய உணவு இடைவேளையில் முடித்துவிடலாம் என்ற எண்ணமும் வந்து ஒட்டிக்கொண்டது.

இனி அது போகிற இடம். உதட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்லப் பிடித்துக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால், உள்பக்கம் ஒரு நாடி துடிப்பது தெரியும். மேலுதட்டுக்கு ஒன்று, கீழுதட்டுக்கு ஒன்று என ஓடும் உதட்டுத் தமனி அது. பெரும்பாலானவர்களுக்கு வாயின் உள்பக்கச் சவ்வை ஒட்டி ஓடுகிறது. சிலருக்குத் தசைக்குள்ளேயே, சிலருக்குத் தோலை ஒட்டி. ஒரே உதட்டில் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி இருப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஊசி முனை அந்தக் குழாய்க்குள் இருக்கும்போது ஜெல்லை அழுத்தினால் அது ரத்தத்தோடு போய் அடைத்துக்கொள்ளும். அந்தக் குழாயை நம்பியிருக்கும் தோல் முதலில் வெளுக்கும், பிறகு வலைபோல நீலம் பாயும், ஓரிரு நாளில் சிறுசிறு கொப்புளங்கள் வரும், கவனிக்காவிட்டால் அழுகும். முகத்துத் தமனிகள் மூக்கோரமாக ஏறிக் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு இணைவதால், மிக மிக அரிதாகப் பார்வையே போயிருக்கிறது. மாநிறத்திலும் கறுப்பிலும் இந்த வெளுப்பு எளிதில் கண்ணில் படாது. அந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் நம் தோலுக்குப் பொருத்தமான சோதனை. வலியையும் முழுக்க நம்ப முடியாது. இப்போதைய ஜெல்கள் பலவற்றில் மரப்பு மருந்து கலந்தே வருவதால், கத்த வேண்டிய வலி முனகலோடு நின்றுவிடலாம்.

இதெல்லாம் எப்போதோ யாருக்கோ வருவதுதானே என்று கேட்கலாம். உண்மைதான். அமெரிக்காவில் 370 தோல் மருத்துவர்கள் போட்ட சுமார் 17 லட்சம் ஊசிக்குழல்களை வைத்து 2021-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. கூர்முனை ஊசியால் போட்டதில் 6,410 குழலுக்கு ஒன்றில் அடைப்பு. முனை மழுங்கிய மெல்லிய குழாயால் போட்டதில் 40,882-க்கு ஒன்று. இது மிகச் சிறிய ஆபத்துதான் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அந்த எண்கள் யாருடைய கையிலிருந்து வந்தவை என்று பாருங்கள். தோல் மருத்துவத்தில் பயிற்சி முடித்து, உடற்கூறு தெரிந்து, அடைப்பைக் கண்டவுடன் அடையாளம் காணத் தெரிந்தவர்களின் எண்கள் அவை. வார இறுதி வகுப்பில் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்கியவர் அதே எண்ணைக் காட்டி “ஆறாயிரத்தில் ஒன்றுதான்” என்றால், அது இரவல் நகை.

இன்னொரு சமாதானம் இதைவிட வலுவானது: பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாமே, நிரந்தரம் இல்லையே. கரைக்கலாம். ஹயலுரோனிடேஸ் நமக்குப் புதிய மருந்தும் அல்ல. கண்புரை அறுவையின்போது கண்ணைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசியோடு, மருந்து நன்றாகப் பரவ அதைச் சேர்ப்பதுண்டு. ஆனால் அது ஜெல்லைத்தான் கரைக்கும். செத்த தோலைத் திருப்பித் தராது. அடைப்பு வந்தால் சில மணி நேரத்துக்குள், தாராளமான அளவில், தேவைப்பட்டால் திரும்பத் திரும்பப் போட வேண்டும். “நாளைக்கு வாங்க, பார்க்கலாம்” என்று சொல்கிற இடத்தில் ‘கரைத்துவிடலாம்’ என்ற வாக்குக்கு மதிப்பில்லை. கரைகிற பொருள் ஹயலுரோனிக் அமிலம் மட்டும்தான் என்பதையும் விளம்பரங்கள் சொல்வதில்லை. திரவ சிலிகானை ஏற்றியிருந்தால் எந்த மருந்துக்கும் அது கரையாது. ஆண்டுகள் கழித்துக்கூடக் கட்டி கட்டியாகத் திரண்டு கத்தியைத் தேட வைக்கும். இணையத்தில் விற்கும் ‘ஊசியில்லாப் பேனா’ காற்றழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் பீய்ச்சுகிறது. எவ்வளவு ஆழம் போகிறது என்பது கையில் பிடித்திருப்பவருக்கே தெரியாது. அதைப் பயன்படுத்த வேண்டாமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 அக்டோபரில் எச்சரித்தது.

டாக்டர்கள் தங்கள் வருமானத்தைக் காக்கத்தான் இப்படிப் பயமுறுத்துகிறார்கள் என்ற பேச்சிலும் ஒரு துளி நியாயம் இருக்கிறது. பட்டம் மட்டும் போதாது. நல்ல பயிற்சி பெற்ற செவிலியர்களை நம்பி இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். பெயருக்குப் பின்னால் எழுத்துகள் உள்ள எல்லாருக்கும் உதட்டுத் தமனி பழக்கம் என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் நான் பட்டத்தைவிட அந்தக் கரைக்கும் மருந்தை அளவுகோலாக வைக்கச் சொல்கிறேன். அதைச் சட்டப்படி வாங்கி வைத்திருப்பவர், அளவு தெரிந்தவர், அதுவே ஒவ்வாமையைக் கிளப்பினால் சமாளிக்கத் தெரிந்தவர் யாரோ அவரே தகுதியானவர். தேடிப் பார்த்தால் அவர் பெரும்பாலும் தோல் மருத்துவத்தில் எம்.டி. முடித்தவராகவோ பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். முடித்தவராகவோ இருப்பார். தமிழ்நாட்டில் மருத்துவர்களுக்கு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் உண்டு. கேட்டுச் சரிபார்ப்பதில் கூச்சம் வேண்டாம். பொன் வாங்கும்போது ஹால்மார்க் பார்க்காமலா வருகிறோம்?

அப்படி ஒருவர் கிடைத்தால் அவரிடம் மறைக்கக் கூடாதவை சில. உதட்டோரம் அக்கிக் கொப்புளம் எப்போதாவது வந்திருந்தால் சொல்லிவிட வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் அந்தக் கிருமியை ஊசிக் காயம் எழுப்பிவிடலாம்; முன்கூட்டியே மாத்திரை தருவார். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிட்டால் உதடு கன்றிப்போகும். ஆனால் இதயத்துக்காகச் சாப்பிடுகிற மாத்திரையை அழகுக்காகத் தானாக நிறுத்துவது பெரிய முட்டாள்தனம். தேனீயோ குளவியோ கொட்டி உடம்பு முழுக்கத் தடித்தவர்கள் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். அந்த விஷத்திலும் இதே ஹயலுரோனிடேஸ் இருக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தள்ளிப்போடலாம். பல் வேலை இருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி விடலாம்.

அளவைப் பற்றி ஒன்று. ஒரு குழலில் இருப்பது ஒரு மில்லி, அதாவது ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. முதல் தடவை அதிலும் பாதி போதும் என்று சொல்கிற மருத்துவர்தான் நல்லவர். முதல் இரண்டு நாள் வீக்கத்தைப் பார்த்து மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம். உண்மையான உருவம் தெரிய இரண்டு வாரமாகும். நம் புலவர்கள் கோவைப்பழம், பவளம் என்று உதட்டின் சிவப்பைத்தான் கொண்டாடினார்கள், பருமனைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. பருமன் மோகம் கைபேசித் திரையில் வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கைலி ஜென்னர் தன் உதட்டில் ஃபில்லர் இருப்பதை ஒப்புக்கொண்டது 2015-இல், பதினேழு வயதில். இங்கிலாந்து 2021 அக்டோபர் முதல் பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதைத் தடைசெய்திருக்கிறது.

அறையை விட்டுக் கிளம்பும் முன் கேட்டு வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. முத்திரை உடையாத பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கும்போது, குழலோடு உரித்து ஒட்டக்கூடிய சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். அதில் மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சாகியிருக்கும். ஒன்று மருத்துவரின் கோப்புக்கு, இன்னொன்று உங்களுக்கு. நள்ளிரவில் உதடு வெளுத்து வேறொரு மருத்துவமனை வாசலில் நிற்க நேர்ந்தால், உள்ளே இருப்பது கரைகிற பொருளா இல்லையா என்று அங்கிருக்கும் டாக்டருக்கு அந்த ஸ்டிக்கர்தான் சொல்லும்.