இளிப்பும் இல்லாமையும்: சந்தைக் கூத்தாடிகளின் ஓவியம்

பாரிசு நகரின் பெத்தி பாலே அருங்காட்சியகத்தில் ஆறு மீட்டருக்கும் மேல் அகலமுடைய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று உள்ளது. ஃபெர்னான் பெலெஸ் 1888இல் ஐந்து துணிகளில் தீட்டி ஒன்றாக இணைத்த நடப்பியல் படைப்பு அது. ஊர் ஊராகச் செல்லும் கேளிக்கைச் சந்தையின் கூத்தாடிகளே அதன் பொருள்.

அதனைக் காணுமுன் ஒரு வழக்கத்தை அறிதல் வேண்டும். அக்காலச் சந்தைகளில், கூடாரத்தின் வாயிலில் மேடையிட்டுக் கலைஞர்களைக் கட்டணமின்றிக் காட்டுவர். மயங்கியவர் சீட்டு வாங்கி உள்ளே செல்வர். பிரெஞ்சு மொழியில் இதற்குப் 'பராத்' என்று பெயர். பெலெஸ் தீட்டியது கூத்தை அன்று. கூத்துக்கு ஆள் சேர்க்கும் இந்த முன்காட்சியையே.

இடப்புறம் சிறுவர்கள் உயர வரிசையில் நிற்கின்றனர். அவருள் மிகச் சிறியவன் அழுகிறான். நடுவில் கோமாளி வாய் பிளந்து கூவுகிறான். வலக்கோடியில் முதிய இசைஞர்கள் சோர்ந்து அமர்ந்துள்ளனர். இடமிருந்து வலமாக நோக்கினால், ஒரே பிழைப்பில் கழியும் ஒரு வாழ்நாளைப் படித்துவிடலாம். மேடையின் முன் கூட்டம் வரையப்படவில்லை. உருவங்களோ ஏறத்தாழ ஆளுயரம். எனவே ஓவியத்தின் முன் நிற்கும் நாமே, சீட்டு வாங்கலாமா என்று தயங்கும் அக்கூட்டமாகிவிடுகிறோம். நம் கருத்தில், ஓவியரின் கூர்மை இங்கேதான் உள்ளது.

அதே 1888இல் ஜார்ஜ் சூராவும் இத்தகைய முன்காட்சியொன்றைப் புள்ளி புள்ளியாகத் தீட்டிக் காட்சிக்கு வைத்தார். அதில் பார்வையாளரின் தலைகள் கீழ்விளிம்பில் தெரிகின்றன. கலை வரலாற்று நூல்கள் சூராவையே மிகுதியாகப் பேசும். பெலெஸ் நெடுங்காலம் மறக்கப்பட்டார்.

இனி, பெயரைத் தமிழாக்கும் சிக்கல். தலைப்பின் முதற்சொல் முகத்தைக் கோணலாக்குவதைக் குறிக்கும். அடுத்த சொல் வறுமையை. பேச்சுவழக்கில் நாம் 'அழகு காட்டுதல்' என்போமே, அதுதான் முதற்சொல்லின் பொருள். ஆயினும் தலைப்பில் அது திசைமாற்றிவிடும். ஆகவே 'இளிப்பும் இல்லாமையும்' என்றோம். துணைத்தலைப்பிலுள்ள 'சால்த்தேம்பாங்க்' என்பது, பலகைமேல் தாவுதல் என்னும் இத்தாலியத் தொடரிலிருந்து வந்தது. 'கழைக்கூத்தாடி' எனலாமா என எண்ணினோம். கழை என்பது மூங்கில். இங்கே இருப்பதோ பலகை மேடை. 'கூத்தாடிகள்' என்பதே போதும்.