நன்னீர்த் தெள்ளுகளை இனங்காணல்: ஐரோப்பியப் பெயர்களும் ஆசிய நீர்நிலைகளும்

குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையில் முகந்து ஒளிக்கெதிரே பிடித்தால், விட்டுவிட்டுத் துள்ளி மேலெழும் வெண்புள்ளிகள் சில தென்படும். அத்துள்ளலே இவ்வுயிர்களுக்கு நீர்த்தெள்ளு என்னும் பெயரைத் தந்தது. பெயர் பூச்சியை நினைவூட்டினும் இவை பூச்சிகள் அல்ல. இறாலுக்கும் நண்டுக்கும் உறவான கிளாடோசிரா என்னும் பிரிவைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை 0.2 முதல் 3 மில்லிமீட்டர் வரை நீளமுடையவை. நுண்பாசியை வடித்துண்டு, மீன்குஞ்சுகளுக்குத் தாம் இரையாகின்றன. ஆதலின் எந்த இனம் எந்த நீர்நிலையில் வாழ்கிறது என்பது மீன்வள ஆய்வுக்கும் நீர்த்தர ஆய்வுக்கும் அடிப்படைச் செய்தியாகும். அச்செய்தி ஆசியாவைப் பொறுத்தவரை நெடுங்காலம் பிழைபடப் பதிவாகியது. நுண்ணோக்கியின் குறையைவிட, எவ்வுறுப்பை நோக்குவது என்னும் தெளிவின்மையே அதற்குப் பெருங்காரணம்.

குடும்பத்தை அறிவது எளிது. நீந்துவதற்குரிய இரண்டாம் உணர்கொம்பு இரு கிளைகளாகப் பிரிகிறது. டாஃப்னியாவில் ஒரு கிளைக்கு நான்கு கணுக்கள், மற்றதற்கு மூன்று. கைடோரிடே குடும்பத்தில் இரண்டு கிளைகளுக்கும் மூன்று கணுக்களே. பாஸ்மினாவின் முதல் உணர்கொம்புகள் யானைத் தந்தம்போல் நீண்டு வளைந்திருக்கும். மொய்னாவின் தலையில் அலகு போன்ற முனை இராது.

இனத்தை அறிவதில்தான் இடர்ப்பாடு தொடங்குகிறது. கண்ணை முதலில் கவரும் உருவமே இங்கு நம்பத்தகாதது. டாஃப்னியாவின் தலைக்கவசமும் வால்முள்ளும் பருவத்துக்கேற்ப மாறுகின்றன. இரைகௌவிகள் நீரில் வெளியிடும் வேதிப்பொருளை உணர்ந்தும் நீள்கின்றன. ஒரே தாயின் வழித்தோன்றல்கள் வேனிலில் கூர்ந்த தலையுடனும் குளிரில் உருண்ட தலையுடனும் காணப்படுவதுண்டு. முன்னாளில் இத்தகைய பருவ வடிவங்களுக்குத் தனித்தனிப் பெயர் சூட்டப்பட்டதில் வியப்பில்லை.

மாறாக, பின்வயிற்றின் நுனியிலுள்ள நகங்கள் நிலையான சான்று தருவன. டாஃப்னியா பியூலெக்ஸ் குழுவில் நகத்தின் நடுச்சீப்பில் தடித்த பற்கள் நிற்கும். லாஞ்சிஸ்பைனா குழுவில் மூன்று சீப்புகளும் நுண்ணியனவாகவே இருக்கும். இதைக் காண உயிரியைக் கிளிசரின் துளியில் பக்கவாட்டில் கிடத்தி, மூடுவில்லையின் அடியில் மெழுகுத் துணுக்குகளைத் தாங்கலாக வைத்தல் வேண்டும். மூடுவில்லையை மெல்ல நகர்த்தினால் உயிரி புரளும்; அதன் எல்லாப் பக்கங்களையும் நசுங்காமல் பார்க்கலாம். வெறும் ஃபார்மலினில் இட்ட உயிரிகளின் ஓடு ஊதிப்போய் முட்டைகள் சிதறிவிடும். ஆகவே 4 விழுக்காட்டு ஃபார்மலினில் லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை சேர்க்கும் வழக்கம் 1973 முதல் பரவியது. கைடோரிடே குடும்பத்துக்கு இதுவும் போதாது. தலையோட்டின் துளைகளை எண்ணவேண்டும், கால்களை நுண்ணூசியால் பிரித்து முடிகளை ஒப்பிடவேண்டும். ஆண் உயிரி கிடைப்பின் பணி உறுதிப்படும். ஆயினும் ஆண்டின் பெரும்பகுதியில் பெண்களே கருவுறாமல் இனம்பெருக்குவதால் ஆண்கள் அரிதாகவே அகப்படுகின்றன.

இத்துணை நுட்பங்களையும் நோக்காத காலத்தில் எழுந்ததே எல்லா இனங்களும் உலகெங்கும் வாழ்கின்றன என்னும் கருத்து. வறண்ட சேற்றில் ஆண்டுக்கணக்கில் உயிர்தாங்கும் முட்டைகள் காற்றாலும் பறவைகளாலும் பரவும் என்பது அக்கருத்துக்குத் துணைநின்றது. முட்டைகளின் உறுதியில் ஐயமில்லை: நார்வே அறிஞர் ஜி. ஓ. சார்ஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த உலர்ந்த சேற்றை நீரிலிட்டு வளர்த்த உயிரிகளைக் கொண்டே 1885இல் டாஃப்னியா லும்ஹோல்ட்சி உள்ளிட்ட புதிய இனங்களை விவரித்தார். ஆனால் முட்டை பயணம் செய்யக்கூடும் என்பதாலேயே இனம் எங்கும் நிலைபெற்றுவிடும் என்று கொள்ள இயலாது. அமெரிக்கரான டேவிட் ஃபிரே 1980இல் கைடோரஸ் ஸ்ஃபெரிக்கஸை மறுஆய்வு செய்து, அவ்வொரு பெயரின்கீழ் பல இனங்கள் மறைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். பொஹீமிய மாதிரியைக் கொண்டு கூர்ஸ் 1875இல் பெயரிட்ட மொய்னா மைக்ரூரா என்பதும் ஆசியக் குளங்கள் பலவற்றின் பட்டியலில் இடம்பெற்றது. அதுவும் ஓரினமன்று, ஒரு தொகுதி என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இலங்கைக்கு இச்சிக்கல் புதிதன்று. அங்குள்ள நன்னீர் நுண்ணுயிரிகளைப் பற்றி டாடே 1898இலேயே நூலெழுதினார். பின்னர் இலங்கையரான சி. எச். ஃபெர்னாண்டோ கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலிருந்து வெப்பமண்டல விலங்கு மிதவைகளை விரிவாக ஆராய்ந்து, அங்கு டாஃப்னியா இனங்கள் குறைவு என்பதை வலியுறுத்தினார். இத்தகைய ஒப்பீடு பெயர்களின் நம்பகத்தையே சார்ந்தது. ஆதலின் பழைய பட்டியல்களை நாடும் ஆய்வாளர், பெயர்களை மட்டும் தரும் பட்டியலைவிட நகத்தையும் காலையும் வரைந்து காட்டும் பட்டியலுக்கே மதிப்பளித்தல் தகும். வரைபடத்தை இன்றைய அறிவால் மீளவும் வாசிக்கலாம், வெறும் பெயரை அவ்வாறு வாசிக்க இயலாது.

சார்ஸ் சேற்றிலிருந்து எழுப்பிய டாஃப்னியா லும்ஹோல்ட்சி, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சஸ் நீர்த்தேக்கத்தில் வந்தேறியாக அறியப்பட்டது. கூரிய தலையும் மிக நீண்ட வால்முள்ளும் அதனை எளிதில் காட்டிக்கொடுத்தன. அத்தகைய முள்ளற்ற மொய்னா ஒன்று அவ்வாறு கடல் கடந்திருந்தால், பழைய ஐரோப்பியப் பெயரிலேயே அது பட்டியலில் ஏறியிருக்கும்.