பழைய தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றும் முறை

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பாக்கி, நகைக்கடன், பங்குத்தொகை, உரம் வழங்கிய விவரம் முதலியன முன்னாளில் நாள்வழியிலும் பேரேட்டிலும் எழுதப்பட்டு வந்தன. இப்பொழுது அவை கணினிக்கு மாறி வருகின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்குவதற்கென ரூ. 2,516 கோடி மதிப்புள்ள திட்டத்துக்கு மத்திய அரசு 2022-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அனுமதி அளித்தது. ஆகையால், கணினியிலுள்ள கணக்கு எவ்வாறு காக்கப்படுகிறது என்பது கணினி நிபுணர்களுக்கு மாத்திரம் உரிய விஷயமன்று. கடன் செலுத்தியவரின் பெயர் கணக்கில் காணப்படாமற் போனால் நஷ்டம் அடைபவர் விவசாயியே ஆவார்.

கணக்குகளைத் தொகுத்து வைத்து, கேட்டபோது எடுத்துத் தரும் கணினி ஏற்பாட்டுக்குத் தரவுத்தளம் என்று பெயர். இதுவும் காலப்போக்கில் பழமையடையும். புதிய பதிப்புக்கு மாற்றியே தீரவேண்டும். அவ்வாறு மாற்றும்போது நேரக்கூடிய தீங்குகளும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளும் இங்கு விளக்கப்படுகின்றன. விலையின்றிக் கிடைப்பதும் பல நாடுகளில் வழங்கிவருவதுமான போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிற தரவுத்தளங்களுக்கும் அடிப்படை விதிகள் பெரும்பாலும் இவையே.

மாற்றுவதன் அவசியம்

போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரும்பதிப்பும் வெளிவந்ததிலிருந்து ஐந்தாண்டுகளுக்கே பராமரிக்கப்படும். 2020-ம் ஆண்டில் வெளிவந்த 13-ம் பதிப்புக்கு 2025-ம் ஆண்டு நவம்பரில் பராமரிப்பு முடிவுற்றது. அதன் பின்னர் அப்பதிப்பில் பழுது கண்டறியப்பட்டாலும் அதை உண்டாக்கியவர்கள் திருத்தம் வெளியிடுவதில்லை. ஏரிக்கரையில் நண்டு வளை கண்டும் அடைக்காமல் விடுவதற்கு இது ஒப்பாகும். கரை இன்று நிற்பது நாளைக்கும் நிற்கும் என்பதற்கு அத்தாட்சியன்று.

பதிப்பு மாற்றம் இருவகைப்படும். 17.1-லிருந்து 17.2-க்குச் செல்வது சிறு மாற்றம். இதில் நிரல் மாத்திரம் மாறும். கணக்குக் கோப்புகளின் அமைப்பு மாறாது. 13-லிருந்து 17-க்குச் செல்வது பெருமாற்றம். இதில் உள்ளமைப்பு மாறிவிடுவதால், பழைய கோப்புகளைப் புதிய நிரல் நேராகப் படிக்க இயலாது. 2017-ம் ஆண்டில் 10-ம் பதிப்பு வருவதற்கு முன்னர் 9.5-லிருந்து 9.6-க்குச் செல்வதும் பெருமாற்றமாகவே இருந்தது என்பதைப் பழைய பதிப்பு வைத்திருப்போர் கவனிக்க வேண்டும்.

இரண்டு வழிகள்

முதல் வழி, பழைய தரவுத்தளத்திலுள்ள யாவற்றையும் வெளியே எழுதி எடுத்து, புதியதில் மீண்டும் பதிவது. பழைய பேரேட்டைப் பார்த்துப் புதுப் பேரேடு எழுதுவது போன்றது இது. எழுதி எடுப்பதற்குப் புதிய பதிப்புடன் வரும் கருவியையே உபயோகித்தல் சிலாக்கியம். கணக்குப் பெரிதாயின் பல மணி நேரம் பிடிக்கும். எனினும் பழையது தொடப்படாமல் அப்படியே இருக்குமாதலால், இது அபாயம் குறைந்த வழியாகும்.

இரண்டாவது வழி, கணக்குக் கோப்புகளைத் திரும்ப எழுதாமல், உள்ளமைப்புப் பட்டியல்களை மாத்திரம் புதிதாக அமைப்பது. இதற்குரிய கருவி 2010-ம் ஆண்டு முதல், 9.0-ம் பதிப்பிலிருந்து, போஸ்ட்கிரெஸுடனேயே வழங்கப்பட்டு வருகிறது. கோப்புகளை நகலெடுத்து மாற்றலாம்; அல்லது நகலெடுக்காமல் இணைப்பு முறையிலும் மாற்றலாம். இணைப்பு முறை சில நிமிஷங்களிலேயே முடிந்துவிடும். ஆனால் அதில் பழையதும் புதியதும் ஒரே கோப்புகளைச் சுட்டி நிற்கும். ஒரே வயலுக்கு இரண்டு பெயர்களில் பட்டா எழுதியது போலாகும். ஒருவர் உழுதால் மற்றவர் நிலமும் உழப்பட்டதேயாம். இம்முறையில் புதியதை ஒருமுறை இயக்கிவிட்டால், பழையதைப் பத்திரமாக மீண்டும் இயக்க முடியாது. விரைவு கருதி இதனைக் கைக்கொள்வோர், திரும்பும் வழி எவ்விடத்தில் அடைபடுகிறது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத தீங்கு

மாற்றம் பிழையின்றி முடிந்ததாகத் தோன்றியும் கணக்குக் கெடுவதுண்டு. அதன் காரணம் பெயர் அட்டவணையாகும்.

பெரிய பேரேட்டின் முகப்பில், யாருடைய கணக்கு எந்தப் பக்கத்தில் உள்ளது என்று எழுத்து வரிசையில் குறிப்பதுண்டன்றோ? தரவுத்தளத்திலும் அத்தகைய அட்டவணை உண்டு. தேடும்போது கணினி அட்டவணையை நடுவே பிரித்து, வேண்டிய பெயர் முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்று வரிசை விதியைக் கொண்டு நிர்ணயித்து, ஒரு பாதியைத் தள்ளிவிடும். அட்டவணை எழுதிய நாளில் இருந்த விதி வேறு, தேடுகின்ற நாளில் உள்ள விதி வேறு என்றால், பெயர் இருக்கும் பாதியையே தள்ளிவிட நேரும். கணக்கு உள்ளே பத்திரமாக இருக்கும். கணினியோ இல்லை என்று சொல்லும்.

இவ்வரிசை விதியைப் போஸ்ட்கிரெஸ் பல இடங்களில் தானே வைத்துக்கொள்ளாமல், கணினியின் இயங்குதளத்திலிருந்து பெற்றுக்கொள்கிறது. லினக்ஸ் இயங்குதளங்களில் வழங்கும் ஜி-லிப்-சி என்னும் நூலகத்தின் 2.28-ம் பதிப்பு 2018-ம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்தபோது, இவ்விதிகள் பெருமளவில் மாறின. டெபியன் 9-லிருந்து 10-க்கும், ரெட்ஹாட் 7-லிருந்து 8-க்கும் சென்றோர் இம்மாறுதலுக்கு உட்பட்டனர். தரவுத்தளத்தை மாற்றும் சமயத்திலேயே புதுக் கணினியும் புது இயங்குதளமும் வாங்குவது வழக்கமாதலால், இரண்டும் ஒருங்கே வந்து சேருகின்றன.

ஒரு சங்கத்தில் இவ்வாறு நேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். கடனைத் தீர்த்த உறுப்பினர் ஒருவரின் பெயர் அகப்படவில்லை. எழுத்தர் அவரைப் புதிய உறுப்பினராகப் பதிந்துவிடுகிறார். ஒரு பெயர் இருமுறை வரலாகாது என்னும் தடையும் அதே அட்டவணையைக் கொண்டே இயங்குவதால், கணினி தடுப்பதில்லை. ஒருவருக்கு இரண்டு கணக்குகள் உண்டாகி, வரவு ஒன்றிலும் பற்று மற்றொன்றிலும் ஏறிவிடும்.

முதல் வழியில் அட்டவணைகள் புதிதாகவே எழுதப்படுவதால் இத்தீங்கு இல்லை. இரண்டாவது வழியில் பழைய அட்டவணைகள் அப்படியே வருவதால், இயங்குதளம் மாறியிருப்பின், எழுத்துகளால் அமைந்த அட்டவணைகள் யாவற்றையும் பொதுப் பதிவு தொடங்குமுன் திரும்ப அமைக்க வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. பழையதற்கும் புதியதற்கும் இடையிலுள்ள ஒவ்வொரு பெரும்பதிப்பின் குறிப்பையும் படித்தல் வேண்டும். 12-ம் பதிப்பில் பழைய வசதிகள் சில நீக்கப்பட்டன. 14-ம் பதிப்பில் கடவுச்சொல்லைக் காக்கும் வழக்கமான முறை மாறியது. மிகப் பழைய செயலிகள் இதனால் உள்ளே நுழைய இயலாமற் போகலாம்.

2. காப்பு நகல் எடுத்து, அதனை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். முளைப்புச் சோதனை செய்யாத விதையை நம்பி நாற்றங்கால் விடுவாரில்லை. மீட்டுப் பாராத நகலும் அத்தன்மையதே.

3. அந்த நகலின்மீதே மாற்றம் முழுவதையும் ஒத்திகை பார்த்து, பிடிக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதையும் மாற்றாமல் தடைகளை மாத்திரம் சோதித்துக் கூறும் வசதி இரண்டாவது வழியின் கருவியிலேயே உண்டு.

4. கடன் வழங்கும் பருவத்திலும் மார்ச் மாத ஆண்டு முடிவிலும் இவ்வேலையை மேற்கொள்ளலாகாது.

5. மாற்றத்துக்கு முன் புதுப் பதிவுகளை நிறுத்தி, உறுப்பினர் எண்ணிக்கை, கடன் பாக்கி மொத்தம், வைப்புத்தொகை மொத்தம் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மாற்றிய பின், ஜமாபந்தியில் கிராமக் கணக்கை ஒப்பிடுவது போல, அவற்றை ஒப்பிட வேண்டும். மொத்தம் சரியாயிருப்பது மாத்திரம் போதாது. சில பெயர்களைத் தனித்தனியே தேடியும் பார்க்க வேண்டும்.

6. தேடும் வழியைக் கணினி நிர்ணயிக்க உதவும் புள்ளிக் குறிப்புகளைப் புதிதாகச் சேகரிக்கச் செய்தல் வேண்டும். 2025-ல் வெளிவந்த 18-ம் பதிப்புக்கு முந்தியவற்றுக்கு மாற்றும்போது அவை தொடர்ந்து வருவதில்லை. இதை மறந்தால் புதியது பழையதைவிட மந்தமாக ஓடும்.

7. பழையதற்குத் திரும்புவதா என்பதைப் பொதுப் பதிவு தொடங்குமுன் முடிவு செய்துவிட வேண்டும். புதியதில் வரவு ஏறத் தொடங்கிய பிறகு திரும்பினால் அவ்வரவுகள் பழையதில் இரா.

விவசாயிகளின் கடமை

சங்கத்தின் நிர்வாகக் குழுவினரும் கிராம அதிகாரிகளும் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்க வேண்டும். காப்பு நகல் மீட்டுப் பார்க்கப்பட்டதா? அட்டவணைகள் திரும்ப அமைக்கப்பட்டனவா? ஒப்பிட்ட மொத்தங்களின் தாள் எங்கே இருக்கிறது? இவற்றுக்கு விடை கூறக் கணினி நிபுணர் தயங்குவாராயின், வேலையைத் தள்ளிவைப்பதே நலம்.

உறுப்பினர் ஒவ்வொருவரும் ரசீதுகளையும் கணக்குப் புத்தகத்தையும் பத்திரப்படுத்தி வைத்து, மாற்றம் நடந்த வாரத்திலேயே சங்கத்துக்குச் சென்று தம் கணக்கைத் தேடச் செய்து பார்த்தல் வேண்டும். பெயர் இல்லை என்று கணினி கூறினால், புதிதாகப் பதிய இடங்கொடாமல், அட்டவணையைச் சோதிக்கும்படி எழுத்து மூலமாகக் கேட்பது அவர்களுக்குரிய பாதுகாப்பாகும்.