பாதப் புண்ணுக்கு எந்த மருத்துவரை அணுகுவது?

நீரிழிவு உள்ளவரின் காலில் புண் தோன்றினால், எலும்பு மருத்துவரா, தோல் மருத்துவரா, சர்க்கரை நோய் மருத்துவரா என்று குடும்பத்தினர் முடிவெடுப்பதற்குள் ஒரு வாரம் கடந்துவிடுகிறது. வலி இல்லாததால் நோயாளியும் அவசரப்படுவதில்லை. நரம்புகள் உணர்விழந்துவிட்டதனாலேயே வலி இல்லை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பாதத்திற்கும் கணுக்காலுக்கும் மட்டும் சிகிச்சையளிக்கும் 'போடியாட்ரிஸ்ட்' என்னும் தனித் தொழில்முறையினர் உள்ளனர். முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 1967-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் மூலம் அவர்களை மருத்துவர் என்னும் வரையறைக்குள் சேர்த்தது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்திலோ அவர்களது சேவையை வழங்குவது அந்தந்த மாநிலத்தின் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளது. இந்தியாவில் இப்பெயர் 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்முறையினருக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. எனினும் அது மருத்துவர் என்னும் தகுதியைக் குறிப்பதன்று. எனவே 'பாத நிபுணர்' என்னும் பெயர்ப்பலகையைக் கண்டால், அவர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். ஆணிக்காலைப் பிளேடால் சீவுபவரிடம் காலைக் காட்டவே கூடாது.

மீஞ்சூர்ப் பகுதியினர் முதலில் அணுக வேண்டியது அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையே. பாதத்தின் உணர்வை 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிழையால் தொட்டும், இரத்த ஓட்டத்தை நாடித் துடிப்பைக் கொண்டும் அறியலாம். சில நிமிடங்களே ஆகும். புண் இல்லாவிடினும் ஆண்டுக்கு ஒருமுறை இச்சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். தமிழ்நாடு அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் இதற்கெனவே ஏற்படுத்தப்பட்டது. மேல்சிகிச்சை தேவைப்பட்டால் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கப்படுவீர்கள். அங்கு சீழை அகற்றுபவர் பொது அறுவை மருத்துவராகவும், அடைபட்ட இரத்தக் குழாயைச் சீராக்குபவர் இரத்தநாள அறுவை மருத்துவராகவும் இருப்பர். பல கைகள் சேர்ந்து காக்க வேண்டிய உறுப்பு இது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கே பொருந்தும். அன்றாடம் புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்குக் காப்பீட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றியே செய்யப்படுகிறது.

கும்மிடிப்பூண்டி, அத்திப்பட்டு தொழிற்சாலைகளில் பணிபுரிவோருக்கு வேறொரு தடை உண்டு. விடுப்பு எடுத்தால் கூலி போய்விடும் என்று அஞ்சி, புண்ணோடு நின்றபடியே வேலை செய்கின்றனர். இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் உரிமையாக உண்டு. குறைந்தபட்சம் 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், மருத்துவரின் சான்றின்பேரில் ஆண்டில் 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். ஊதியச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளதா என்று இன்றே பாருங்கள். பாதத்தில் எடை ஊன்றாதிருப்பதே இப்புண்ணுக்கு முதல் மருந்து என்பதால், இவ்வுதவியும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது என் கருத்து.

பாதுகாப்புக் காலணியின் இரும்பு முனை, உணர்விழந்த விரலைத் தெரியாமலே அரித்துவிடும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்த்து வாங்குங்கள். அணியுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வீட்டில் அணிய நுண்துளை ரப்பர் காலணி ஏற்றது. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்காக வேலூரில் மருத்துவர் பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய அக்காலணியே இன்று நீரிழிவு நோயாளிகளுக்கும் பயன்படுகிறது.

பராமரிப்பவர்கள் ஒவ்வோர் இரவும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். கருமை, துர்நாற்றம், சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வாகன வசதி இல்லையெனில் 108-ஐ அழையுங்கள்.